வோணாம்னு சொல்றதுக்கும் ஒரு நம்பரு

1

திருவொத்தியூரு ஜனங்களே, நல்லா கீறீங்களா? நான் தேசம்மா பேசறேன். தெரியலையா? பயைய துணிக்குப் பாத்திரம் குட்த்துகினு, தங்கச்சி பவுனோட தெருத்தெருவா கூடை தூக்கிகினு வந்தேனே, அந்த தேசம்மா. இப்போ கனடாவுல ஆலிபேக்ஸுன்னு ஒரு ஊரு, அங்க பையன் சேகரு வூட்டுல கீறேன். வந்து ஏயு வருசம் ஆயிட்சி. எனக்கு எயுதப் படிக்கத் தெரியாது. நம்பரு மட்டும் அத்துப்படி. பஸ்ஸு நம்பரு, தராசு நம்பரு, போன் நம்பரு எதுவும் ஒரு தபா கேட்டா மண்டையில ஒட்டிக்கும். அதனால நான் போன்ல பேசி அனுப்பறேன், காலடிப்பேட்டை ஜான்சி டீச்சரு கேட்டு எயுதறாங்க. "உன் பேச்சுல கையே வைக்க மாட்டேன் தேசம்மா"ன்னு சொன்ன அப்பாலதான் வாயைத் தொறந்தேன்.

போன வாரம் எங்கம்மா போயி மூணாவது வருசம் முடிஞ்சிது. அதை வச்சி ஒரு கூத்து நடந்துட்சி. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனா நான் நேரா சொல்ற ஆளா? சுத்திதான் வருவேன். கூடை தூக்குனவ காலு அப்டி.

மொதல்ல ஊரைச் சொல்றேன். சேகரு காட்டுப்பள்ளில கப்பலு கட்ற எடத்துல வெல்டரா இருந்தான் இல்ல, இங்கயும் அதே வேலைதான். இதுவும் துறைமுகம். மொத தபா காருல வரசொல்ல கரையில பெரிய கிரேனு நிக்குது பாத்தேன். "டேய் சேகரு, ஏரோப்ளேன்ல சுத்திக் காமிச்சிட்டு திரும்பி நம்மூருக்கே இட்டாந்துட்டியா?"ன்னு கேட்டேன். வண்டில கீற அத்தினி பேரும் சிரிச்சாங்க. ஆனா கடலு வேற கடலு. கிட்ட போயி நின்னாலும் ஒண்ணும் வாசனை வரல. நம்மூருல கண்ணை மூடிகினு போனாக்கூட மூக்கே சொல்லும், இது மீன் காயுற எடம், இது கம்பெனி புகை, இது இரும்பு லாரி போற ரோடுன்னு. இங்க குளுருல மூக்கு மரத்துப் போவுது. மூக்கு இல்லாத ஊருல ஒரு கெயவி எப்டி வயி கண்டுபுடிப்பா சொல்லு.

2

இங்க யாரும் கடைக்குப் போறதில்ல. கடை போன்லயே கீது. எனக்கு அதைப் பாக்கப் பாக்க ஒரே குஷி. பேத்தி பூஜாதான் சொல்லிக் குட்த்தா, பதிமூணு வயசு. வெரலால தள்ளிகினே போனா படம் படமா வருது. குக்கரு, செருப்பு, கட்டிலு, நாய்க்கு மாட்டுற சொக்கா. புடிச்சதைத் தொட்டா ஒரு குட்டி தள்ளுவண்டி கீது, அதுல போயி வியுது. வண்டில போட்டதை வாங்கித்தான் ஆவணும்னு இல்ல. ஒரு மாசம் போட்டு வச்சி அப்பால தூக்கிப் போட்டாலும் மொறைக்க ஆளு இல்ல. நம்ம வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல நாலு புடவையைப் பிரிச்சிப் போட வச்சிட்டு சும்மா எயுந்து பாரு. கடைக்காரன் ஒரு பேச்சு பேச மாட்டான், மடிக்கிற மடிப்புலயே நம்மளைத் திட்டிடுவான்.

ஒவ்வொரு சாமானுக்குக் கீயயும் நட்சத்திரம் போட்டுகீது. வாங்குனவங்க போடறது. அஞ்சு இருந்தா நல்ல சாமான், ரெண்டுன்னா கலீஜு. எயுத்து தெரியாத எனக்கு அது போதும். இதே வேலையை நம்ம தெருவுல எதிர் வூட்டு எல்லம்மா பாத்துகினு இருந்தா. "தேசம்மா குட்த்த அண்டா ஒயுவுது"ன்னு கொயாயடில ஒரு வார்த்தை சொன்னான்னா அன்னிக்கு அந்தத் தெருவே எனக்குக் கதவைச் சாத்திடும். அதுக்கு நட்சத்திரம்னு பேரு வைக்கல, அவ்ளோதான்.

புடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம். சண்டையே கெடையாது. ஏன் வோணாம்னு கேட்டு நாலு கட்டம் வரும், ஏதாவது ஒண்ணைத் தொட்டா முடிஞ்சிது. எனக்கு இதுலதான் கொஞ்சம் பேஜாரு. சண்டை இல்லாம இன்னாய்யா யாவாரம்? பாத்திரத்தை எட்த்து வெரலால சுண்டிப் பாக்கணும், ணங்குன்னு கேக்கணும், "இன்னாம்மே தகரத்தைக் குட்த்துட்டு வெள்ளின்றியா"ன்னு அவ கேக்கணும், "உன் புடவை மட்டும் இன்னா, கொசுவலை மாதிரி கீது"ன்னு நாம கேக்கணும். படத்தை எங்க சுண்டறது?

சாமான் கொண்டாறவன் பனியில வாசப்படியில வச்சிட்டு, ஒரு போட்டோ புடிச்சிகினு ஓடிடறான். பெல்லு கூட அடிக்கறதில்ல. வித்தவன் நிக்காம ஓடுறதை நான் இங்கதான் பாத்தேன். ஒரு நாளு தாடி வச்ச ஒரு சர்தாரு வந்தாரு. நான் கதவைத் தொறந்துகினு சாக்ஸோட பனியில எறங்கிட்டேன். "பாய், ருக்கோ! சாய் பீயோ!"ன்னு, நில்லுங்க டீ குடிங்கன்னு கத்துனேன். வண்ணாரப்பேட்டை பாய்மாருங்க கிட்ட கத்துகிட்ட நாலு வார்த்தை ஆலிபேக்ஸுல உதவுது பாத்தியா. அவரு திரும்பி வந்து நின்னுகினே டீ குட்ச்சாரு. பாதி டீயில கண்ணு கலங்கிட்சி அவருக்கு. யாரு ஞாபகம் வந்துச்சோ.

பூஜாவுக்குதான் மானம் போயிட்சி. "ஆயா, அவரு வெறும் டெலிவரி. அவங்க கிட்டல்லாம் பேசக்கூடாது"ன்னா.

"ஏண்டி, உங்க ஆயாவும் முப்பது வருசம் வெறும் டெலிவரிதான்"ன்னேன்.

அவளுக்குப் புரியல. அவளுக்கு நம்ம பாஷை பாதிதான் தெரியும், மீதிக்குத் தலையை ஆட்டிடுவா. முன்னல்லாம் என் மடியில குந்திகினு கதை கேப்பா. இப்போ காதுல ஒரு பஞ்சு மாதிரி இன்னாவோ சொருவிகினு, நான் பேசசொல்ல ஒரு பக்கத்தை மட்டும் எட்த்து வுடறா. எனக்கு ஒரு காது. செரி, ஒரு காதாவது குட்க்கறாளேன்னு நானும் பேசறேன்.

3

எங்க யாவாரத்தை இப்போ கீற பசங்களுக்கு வெளக்கித்தான் சொல்லணும். வண்ணாரப்பேட்டைல ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி கடையில பாத்திரம் எட்ப்போம். கூடையில அடுக்கிகினு தண்டையாரப்பேட்டைல ஆரம்பிச்சி எண்ணூரு வரைக்கும் நடப்போம். வூட்டுல கட்டிக் கெய்ஞ்ச புடவை, பேண்ட்டு, சொக்கா குட்த்தா அதுக்குத் தக்கன தட்டு, டம்ளரு, அண்டா. எனக்கு எந்தத் தெரு பேரும் தெரியாது. வூட்டு நம்பரைப் பாக்கற பயக்கமும் இல்ல. இந்த வூட்டுல கறுப்பு நாயி, அந்த வூட்டுல கோணப் படிக்கட்டு, அதுக்கு அடுத்த வூட்டுல எதைக் குட்த்தாலும் ஒரு தட்டு சேத்துக் கேக்கறவ. அதான் எனக்கு அட்ரஸு.

கூடை என் தலையில. கொரலு பவுனோடது. "பயைய துணீ... பட்டு பார்டரூ... பாத்தரம்மே..."ன்னு அவ இஸ்த்தான்னா மாடியில தூங்கறவளும் எயுந்து பீரோவைத் தொறப்பா. ரயிலு போற சத்தத்தையும் தாண்டிக் கேக்கும். நான் கூவுனா நாயிதான் கொலைக்கும்.

ஒரு தபா ஒரு வூட்டுல, புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, "வோணாங்க்கா"ன்னு சொல்லிகினே இருந்தா. நான் பேசிப் பேசியே அவ கையில ஒரு தூக்குச்சட்டியை வச்சிட்டு, புடவையை வாங்கிகினு வந்துட்டேன். தெருமுனை வரைக்கும் பவுனு கூட வந்தா. அப்பால கூடையிலேந்து அந்தப் புடவையை உருவி எட்த்துகினு விடுவிடுன்னு திரும்பிப் போனா. குட்த்துட்டு தூக்கை வாங்கிகினு வந்தா. "வோணாம்னா வோணாம்தான்க்கா. வோணாம்னு சொன்ன வூட்டுல பாத்திரத்தை வச்சிட்டு வந்தா நாளைக்கு அந்தத் தெருவுல என் கொரலு ஏறாது"ன்னா. அன்னிலேந்து யாரு வோணாம்னாலும் கூடையைத் தூக்கிடுவேன். மூஞ்சி சுருக்க மாட்டேன்.

4

அம்மா போன கதையைச் சொல்லணும். சொல்லாம தாண்ட முடியாது.

இங்க தங்கறதுக்கு ஒரு பேப்பரு வோணும். அதுக்காக என் பாஸ்போர்ட்டை ஒரு ஆபீஸுக்கு அனுப்பி வச்சிருந்தாங்க. அது அங்க குந்திகினு இருக்கசொல்லதான் அம்மா படுத்தது. அதைத் திருப்பிக் கேட்டு சேகரு அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணிகினே கீறான். ஒரு பொம்பளை மெஷினு கொரல்ல ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லிகினே கீறா. அப்பால பாட்டு போட்டுடுவாங்க. அந்தப் பாட்டைக் கேட்டுகினே நான் சோபாவுல குந்திகினு கீறேன், அம்மா அங்க மூச்சு இஸ்த்துகினு கீது. ஏயு நாளு. எட்டாவது நாளு போயிட்சி. பாஸ்போர்ட்டு அதுக்கு அடுத்த மாசம் தபால்ல வந்துச்சி. அதைத் தொறந்து பாத்தேன், அயுவற மாதிரி என் மூஞ்சிதான் அதுல கீது.

குளிப்பாட்டுனது, கோடி போர்த்துனது, ஜனத்துக்குச் சோறு போட்டது எல்லாம் பவுனு ஒருத்திதான். காரியம் முடிஞ்ச அன்னிக்கு எனக்குப் போன் பண்ணா. "ஒரு பேப்பருக்காவ அம்மாவை வுட்டுட்ட இல்ல? இனிமே எனக்கு அக்கா கெடையாது"ன்னா. வச்சிட்டா. நம்பரையும் மாத்திட்டா. ஜான்சி டீச்சருக்குப் புது நம்பரு தெரியும், ஆனா "அவளுக்குக் குட்த்தன்னா உன் மூஞ்சில முயிக்க மாட்டேன்"னு பவுனு சொல்லி வச்சிருந்தா. டீச்சரு வாக்கு தவறாதவங்க. நான் எத்தினி தபா கெஞ்சியும் குட்க்கல. இதையும் எயுதுங்க டீச்சரு, பரவால்ல.

மூணு வருசம். இங்க எனக்கு எல்லாம் கீது. ஹீட்டரு கீது, தொறந்தா சுடுதண்ணி கீது, போன்ல கடை கீது. அந்தக் கொரலு மட்டும் எந்தக் கடையிலயும் இல்ல.

5

வருசப் படையலுக்கு அம்மா படத்துக்கு முன்னால புதுப்புடவை வைப்போம் இல்ல, படைச்ச அப்பால வூட்டுப் பொம்பளை கட்டிக்கும். இந்த வருசம் நானே ஒரு புடவை அனுப்பிடலாம்னு ரோசனை வந்துச்சி. கனடாவுல குந்திகினு நம்மூரு கடையில வாங்கி நம்மூரு வூட்டுக்கே அனுப்பலாம்னு பூஜா சொன்னா. எனக்கு மெர்சலாயிட்சி. ரெண்டு நாளு படத்தைத் தள்ளித் தள்ளி, வாடாமல்லி கலருல சின்னக் கட்டம் போட்ட நூல் புடவை எட்த்தேன். நாலரை நட்சத்திரம்.

அட்ரஸு கேட்டா பூஜா. "ஐஸ் பேக்டரி பின்னால, அடிபம்பு பக்கத்துல, பவுனு வூடு"ன்னேன்.

"ஆயா, இது அட்ரஸ் இல்ல. டோர் நம்பர் சொல்லு."

"எனக்கின்னாத்துக்குடி வூட்டு நம்பரு? என் தங்கச்சி வூடு, காலு தானா போவும்."

"கட்டம் காலியா இருந்தா வுட மாட்டேங்குது"ன்னு அவளே ஒண்ணாம் நம்பருன்னு போட்டுட்டா. போன் நம்பரு கேட்டுச்சாம். பவுனு நம்பரு ஏது? என் ஊரு சிம்மு நம்பரைச் சொன்னேன். சேகரு பேங்கு மெசேஜுக்காவ அதை ஒரு பட்டன் போன்ல உசுரோட வச்சிருந்தான். அப்டி ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

6

அன்னிக்குக் காலையில ஏயே முக்கால் இருக்கும். நம்மூருல சாயங்காலம். சேகரு வேலைக்குப் போயிட்டான், மருமவ போயிட்டா, பூஜா ஸ்கூல் பஸ்ஸு ஏறிட்டா. அதுக்கு முன்னாலயே பட்டன் போன்ல ஒரு மெசேஜு வந்துச்சி. "புடவை இன்னிக்கு வருதாம் ஆயா. இந்த நாலு நம்பரைச் சொன்னாத்தான் குட்ப்பாங்க"ன்னு பூஜா சொல்லிட்டுப் போனா. மனப்பாடம் பண்ணிட்டேன். டீ கொதிக்குது. போன் அடிக்குது.

"ஹலோ, பவுனுங்களா?" பொம்பளைக் கொரலு. பக்கத்துல ஸ்கூட்டி சத்தம்.

"அவ அக்காம்மா. நீ யாரு?"

"பார்சலு வந்துகீது. ஒண்ணாம் நம்பரு எங்கம்மா கீது? ரெண்டு தபா சுத்திட்டேன். கொஞ்சம் வெளிய வந்து நில்லுங்க."

"நான் வெளிய வந்தா உனக்குத் தெரியாதும்மா. ஆலிபேக்ஸுல கீறேன்."

"அது எங்க, விம்கோ நகர் தாண்டியா?"

"அதுக்கும் கொஞ்சம் தள்ளி. கனடா."

"யம்மா, இன்னும் இருபத்தெட்டு பார்சலு கீது எனக்கு. வெளையாடாத."

பேரு கேட்டேன். சுமதியாம். வூட்டுக்காரரு சாத்தாங்காட்டுல இரும்பு லோடு ஏத்தறாராம். "சுமதி, இப்போ நீ எங்க நிக்கிற?"

"தேரடி தாண்டி, மெட்ரோ தூணு கீய."

நான் வரசொல்ல அங்க குயி தோண்டிகினு இருந்தாங்க. தூணு நான் பாக்கல. "அங்கேந்து கடல் பக்கம் எறங்கு. ஐஸ் பேக்டரி வரும்."

"ஐஸ் பேக்டரியா? இடிச்சிட்டாங்கம்மா. அப்பார்ட்மெண்டு நிக்குது."

"அடிபம்பு?"

"பம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிமெண்டு ரோடு."

அடுப்புல டீ பொங்கி வயிஞ்சிட்சி. என் தெருவுல நானே தொலைஞ்சிட்டேன் பாத்துக்கோ. அப்பால ஒரு ரோசனை. "சுமதி, ஹெல்மெட்டைக் கயட்டு."

"போலீசு புடிப்பான்!"

"சந்துல ஏதுடி போலீசு? கயட்டு. காத்து எங்க அடிக்குது?"

"மூஞ்சில."

"அப்போ நேரா வா. வலது காதுல அடிச்சா தப்பா திரும்பிட்டன்னு அர்த்தம். கருவாட்டு வாசனை வருதா?"

"வருது, வருது. கொடலைப் பொரட்டுது."

"எனக்குப் பொரட்டாதும்மா, நீ நல்லா மோந்து சொல்லு. அந்த வாசனை முடியற எடத்துலேந்து நாலாவது சந்து. உள்ள நொயைஞ்சா ஒரு வூட்டுப் படிக்கட்டு தெருவுக்கே நீட்டிகினு இருக்கும். மூணாவது படி ஒடைஞ்சிருக்கும்."

வண்டி சத்தம் கேட்டுகினே கீது. அப்பால நின்னுச்சி. "யம்மா! கீது! படி ஒடைஞ்சேதான் கீது!"

அத்தினியும் மாறிகினு கீற ஊருல ஒருத்தரும் அந்தப் படியைச் சரி பண்ணல. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிட்சி. ஒடைஞ்ச படிக்கு அயுத மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

"அதுக்கு எதிர் வூடுதாம்மா. கூப்டு."

7

கதவு தட்டுற சத்தம். அப்பால, "யாரும்மே அது?"

அந்தக் கொரலு. கொஞ்சம் கரகரன்னு ஆயிகீது. ஆனா அதேதான். நான் கல்லு மேடையைப் புடிச்சிகினேன்.

"பார்சலுக்கா. பவுனு நீங்கதான? உங்க அக்கா அனுப்பிகீறாங்க. லைன்ல கீறாங்க பாருங்க."

"எனக்கு அக்கா இல்ல. எட்த்துகினு போ."

"ஐய, போன்லயே இட்டாந்து வுட்டாங்களே உங்க வூட்டுக்கு!"

"எட்த்துகினு போன்னா எட்த்துகினு போயேம்மே."

சுமதி கொரலு எறங்கிட்சி. "யக்கா, நான் சும்மா எட்த்துகினு போவ முடியாது. வோணாம்னா, வோணாம்னு நான் அமுக்குவேன். அதுக்கும் ஒரு நம்பரு வரும். அதையும் அவங்க போனுக்குத்தான் அனுப்புவான். அதைச் சொன்னாத்தான் நான் வண்டியை எட்க்க முடியும்."

"இன்னாது, வோணாம்னு சொல்றதுக்கும் அவகிட்ட நம்பரு வாங்கணுமா?"

"நான் வச்ச சட்டமா? கம்பெனி சட்டம்."

என் போனு டிங்குன்னுச்சி. இன்னொரு மெசேஜு. எயுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான், நடுவுல நாலு நம்பரு மட்டும் பளிச்சின்னு நிக்குது. இப்போ என்கிட்ட ரெண்டு நம்பரு. மண்டையில கீறது வாங்கிக்கற நம்பரு. கையில கீறது திருப்பி அனுப்பற நம்பரு.

சுமதி போனை வாய்கிட்ட வச்சிகினு மெதுவா சொன்னா, "யம்மா, திரும்பிப் போனா எனக்கும் காசு ஒண்ணும் கெடைக்காது. நீங்க மொத நம்பரைச் சொல்லிடுங்க. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? நான் அமுக்கிட்டு வச்சிட்டுப் போயிடறேன். நாளைக்குக் கோவம் ஆறி எட்த்துக்குவாங்க."

நாக்கு நுனி வரைக்கும் வந்துட்சி. பொய் சொல்லல நான். அம்மா படத்துக்கு முன்னால என் புடவை இருக்கணும்னு அவ்ளோ ஆசை. ஆனா தெருமுனையிலேந்து விடுவிடுன்னு திரும்பி நடந்தாளே, அந்த முதுவு கண்ணு முன்னால வந்துச்சி. வோணாம்னு சொன்ன வூடு.

"அவளையே கேக்கச் சொல்லு சுமதி. எந்த நம்பரு கேக்கறாளோ அதைச் சொல்றேன். ஆனா அவதான் கேக்கணும்."

போனு கை மாறுற சத்தம். மூச்சு கேட்டுச்சி. ஹலோ கூட இல்ல.

"நம்பரைச் சொல்லு."

மூணு வருசத்துக்கு அப்பால ரெண்டு வார்த்தை. எனக்கு அதுவே விருந்து. "எந்த நம்பரும்மே?"

"வோணாம்ங்கற நம்பரு."

"செரி. அஞ்சு." நான் அத்தோட நிறுத்திட்டேன். "முட்டி வலி எப்டி கீது உனக்கு?"

"அட்த்தது."

"வலி எப்டி கீதுன்னேன்."

"கீது, கூடவே கீது. அட்த்தது சொல்லு."

"ரெண்டு. தைலம் தேய்க்கறியா?"

"தேய்க்க யாரு கீறா இங்க? நீ ரெண்டு கையையும் கனடாவுல வச்சிகினு கீற."

பின்னால சுமதி, "இன்னாக்கா இது, நம்பருக்கு ஒரு கேள்வியா? இருட்டறதுக்குள்ள நான் எர்ணாவூர் போவணும்!"

"சும்மா இரும்மே, பேசிகினு கீறோம் இல்ல"ன்னு பவுனு அவளை அதட்டுனா. பேசிகினு கீறோம்னா! எனக்குக் குளுருல வேர்த்துட்சி.

"எட்டு"ன்னேன். அப்பால மூணு வருசமா தொண்டையில கீற கேள்வியைக் கேட்டேன். "பவுனு, அம்மா கடைசில என்னைக் கேட்டுச்சா?"

தெருவுல யாரோ சைக்கிள் பெல்லு அடிச்சிகினு போறாங்க, அது கேக்குது.

"கேட்டுச்சி."

"இன்னான்னு?"

"தேசு துன்னாளான்னு. தெனமும் அதே கேள்வி. துன்னுட்டா, தூங்கறான்னு சொன்னேன். பக்கத்து ரூம்புல நீ படுத்துகினு கீறன்னு நெனச்சிகினே போச்சி. நான்தான் நெனக்க வச்சேன்." கொரலு ஒடைஞ்சிட்சி அவளுக்கு. "ஏயு நாளும் உனக்காவ நான் பொய் சொன்னேன்க்கா. நீ வருவன்னு வாசலைப் பாத்துகினே சொன்னேன்."

அக்கான்னு சொல்லிட்டா. அவளுக்கே தெரியாம சொல்லிட்டா. டீ வயிஞ்ச அடுப்பைப் பாத்துகினு நிக்கறேன்.

"நாலாவது?"ன்னா.

"ஒண்ணு."

சுமதி அமுக்குனா. முடிஞ்சிது. வாடாமல்லி திரும்பிப் போவுது.

"படையலுக்குன்னு புடவைதான அனுப்புன? அதை நான் எட்த்துட்டேன் அம்மாவுக்கு"ன்னா பவுனு. "நீ அங்கேந்து போனைத் தொட்டு ஒண்ணு அனுப்பிட்டா ஆச்சா? ஒண்ணு கேட்டுக்கோ. அம்மாவோட ஊதாப் புடவை, கொத்து கொத்தா பூ போட்டது, அது உனக்குன்னு எட்த்து வச்சிகீறேன். அந்துருண்டை போட்டு பொட்டியில கீது. நம்ம கையில எத்தினி ஆயிரம் பயைய துணி போயிகீது, இதை யாருக்கும் குட்க்கல."

"அனுப்பி வுடேன்மே. சேகரு கிட்ட சொல்லி..."

"அனுப்ப மாட்டேன். பார்சலு கீர்சலு எல்லாம் கெடையாது. வந்து வாங்கிக்க."

"வரேன். இப்போ பேப்பரு என் கையிலதான் கீது..."

"பேப்பரு பேச்சை என்கிட்ட எட்க்காத."

"செரி. சித்திரையில வரேன்."

"யக்கா, என் போனுக்கா அது!" சுமதி அயுவற மாதிரி கத்துறா. "உங்க நம்பரை அவங்களுக்குச் சொல்லித் தொலைங்க. இல்லன்னா நாளையிலேந்து என்னையதான் கூப்டுவாங்க."

பவுனு கொஞ்சம் இயுத்தா. அப்பால சொல்ல ஆரம்பிச்சா. ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்தி. என்கிட்ட பேனா இல்ல, இருந்தாலும் தேடத் தோணல. சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடி முயுக்க டீ ஆவி புடிச்சிகீது. வெரலால அதுல போட்டுகினே போனேன். பத்து நம்பரு. ஒரு நம்பருக்கும் அவ கேள்வி கேக்கல. கடைசி நம்பரைச் சொல்லிட்டு, "துன்னியா?"ன்னு மட்டும் கேட்டா. லைனு கட்டாயிட்சி.

நம்பரெல்லாம் தண்ணியா கீய எறங்க ஆரம்பிச்சிட்சி. அதுக்குள்ள எனக்கு மண்டையில ஏறிட்சி. இருந்தாலும் பூஜா வர்ற வரைக்கும் அந்த ஜன்னலை வுட்டு நகரல, வாயில சொல்லிகினே நின்னேன். அவ வந்து ரெண்டு காதுலேந்தும் பஞ்சை எட்த்துட்டு, ஒரு அட்டையில பெருசு பெருசா எயுதி ஒட்டுனா. அப்டியே சுமதிக்கு அஞ்சு நட்சத்திரம் போடுன்னேன். "பார்சலே குட்க்கலையே ஆயா"ன்னா. "நீ போடுடி"ன்னேன்.

படையலன்னிக்குக் கூப்டேன். எட்த்தா. போனை அம்மா படத்துக்கிட்ட வச்சிட்டு அவ பாட்டுக்கு வேலை பாத்துகினு இருந்தா, பாத்திரம் சத்தம் கேட்டுச்சி. சேகரு சித்திரைக்கு டிக்கெட்டு போட்டுட்டான்.

ஜான்சி டீச்சரு, எல்லாத்தையும் எயுதிக்கோங்க. அந்த நம்பரை மட்டும் இதுல போடாதீங்க. உங்களுக்கு அது எப்பவோ தெரியும், இருந்தாலும் எனக்கு அது அவ வாயால சொன்ன நம்பரு.